இரண்டாகப் பிளந்த ஸ்பெயின் – 4: போல்ட் இல்லாத துப்பாக்கிகள்

மாட்ரிட் கிழக்குக் கல்லறைத் தோட்டத்தின் சவக்கிடங்கில் கால்வோ சொதேலோவின் உடலைப் போட்டுவிட்டுப் போலீஸ் லாரி திரும்பிச் சென்றதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். நாடாளுமன்றத்தில் எதிர்வரிசையின் முக்கியத் தலைவர் அவர். அவரை அரசாங்கச் சீருடை அணிந்தவர்களே வீட்டிலிருந்து அழைத்துப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். 1936 ஜூலை 13, அதிகாலை. அதற்கு மேல் ஸ்பெயின் ஒரே நாடாக இருந்தது நான்கே நாட்கள்தான்.

அந்தக் கொலையால்தான் ராணுவம் பொங்கி எழுந்தது என்று பிற்பாடு ஜெனரல் பிராங்கோவின் ஆட்கள் ஓயாமல் சொன்னார்கள். தேதிகளைப் பாருங்கள். பிராங்கோவை ஏற்றிச்செல்ல இங்கிலாந்தில் வாடகைக்கு எடுத்த 'டிராகன் ராபிட்' விமானம் லண்டனுக்குப் பக்கத்திலுள்ள கிராய்டனிலிருந்து கிளம்பியது ஜூலை 11. கால்வோ சொதேலோ அப்போது உயிரோடுதான் இருந்தார். சதி மாதக்கணக்கில் வளர்ந்து வந்தது. தயங்கி நின்றவர்களின் தயக்கத்தைப் போக்கத்தான் அந்தக் கொலை உதவியது.

சதியின் மூளை ஜெனரல் எமிலியோ மோலா. சந்தேகத்துக்குரிய தளபதிகளை அரசு தலைநகரிலிருந்து விலக்கி வைத்தபோது பிராங்கோ கேனரி தீவுகளுக்குப் போனார், கோதெத் பலேரிக் தீவுகளுக்குப் போனார், மோலா வடக்கே பாம்ப்ளோனாவுக்குப் போனார். அரசியலில் எதையும் மறக்காத, பழைய மன்னர் பக்தியும் மதப்பற்றும் ஊறிய நவாரா மாநிலத்தின் தலைநகர் அது. சதிகாரனை அனுப்ப இதைவிடப் பொருத்தமான ஊர் ஸ்பெயினில் கிடைத்திருக்காது. அங்கிருந்து 'இயக்குநர்' என்ற புனைபெயரில் ரகசிய உத்தரவுகளை எழுதினார். ஆரம்ப நாட்களிலேயே ஒரு கட்டளை போயிற்று: நடவடிக்கை மிக மிகக் கடுமையாக இருக்க வேண்டும், எதிரியைச் சீக்கிரம் நசுக்க வேண்டும், கட்சி, சங்கத் தலைவர்களைச் சிறையில் தள்ள வேண்டும். பின்னால் நடந்த படுகொலைகளைப் போரின் வெறி என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அவை எழுத்திலேயே இருந்தன.

மோலாவின் திட்டப்படி மொராக்கோவில் ஜூலை 18 அதிகாலை 5 மணிக்குக் கலகம். மறுநாள் ஸ்பெயின் முழுக்க. சில நாட்களில் மாட்ரிட்.

ஆனால், திட்டம் 17-ஆம் தேதி பிற்பகலிலேயே உடைந்தது.

* * *

ஸ்பானிய மொராக்கோவின் கரையோர நகரம் மெலில்லா. அங்கே ராணுவத்தின் வரைபட அலுவலகத்தில் சதிகாரர்கள் கூடியிருந்தார்கள். ஆயுதங்கள் உள்ளே வந்திருந்தன. அவர்களுக்குள்ளேயே இருந்த ஒருவர் வழியாகச் செய்தி வெளியே கசிந்துவிட்டது. போலீஸ் வந்து கட்டடத்தைச் சூழ்ந்தது. சோதனை போட வேண்டும், கதவைத் திற.

உள்ளே இருந்தவர்களுக்கு இரண்டே வழி. கைதாகி, ஸ்பெயின் முழுவதும் பரவியிருந்த சதியை அம்பலப்படுத்துவது. அல்லது பன்னிரண்டு மணி நேரம் முன்னதாகவே ஆரம்பித்துவிடுவது. பேச்சுக் கொடுத்துப் போலீஸை வாசலிலேயே நிறுத்திவைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த அந்நியர் படைப்பிரிவினரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். லாரியில் வந்து குதித்த வீரர்கள் துப்பாக்கியை நீட்டியதும் போலீஸ்காரர்கள் தங்கள் ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். நகரின் தளபதி ஜெனரல் ரொமெராலெஸ் தன் அலுவலகத்திலேயே கைதானார். அரசுக்கு விசுவாசமாக இருந்த குற்றத்துக்காகப் பிறகு சுட்டுக் கொல்லப்பட்டார்.

மெலில்லாவின் தொழிலாளர் குடியிருப்புகளில் சண்டை நடந்தது. விடிவதற்குள் மொராக்கோ பெரும்பாலும் கலகக்காரர் கையில். தலைநகர் டெட்டுவானின் விமான நிலையத்தில் மட்டும் ஓர் அதிகாரி அடிபணிய மறுத்தார். மேஜர் ரிக்கார்தோ தெ லா புவேந்தே பகமோந்தே. முழுப்பெயரைக் கவனியுங்கள். பிரான்சிஸ்கோ பிராங்கோ பகமோந்தேவின் தாய்வழி உறவு. இருவரும் சிறு வயதில் சேர்ந்து விளையாடியவர்கள். இனித் தாக்குப்பிடிக்க முடியாது என்று தெரிந்ததும், கலகக்காரர்களுக்குப் பயன்படக் கூடாதென்று விமானங்களைச் சேதப்படுத்திவிட்டுச் சரணடைந்தார். ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதை நிறுத்தும் அதிகாரம் பிராங்கோவிடம் இருந்தது. அவர் நிறுத்தவில்லை. உறுதிசெய்து கையெழுத்திடும் வேலையை இன்னொரு ஜெனரலிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அடுத்த நாற்பது ஆண்டு பிராங்கோவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சம்பவம் போதும் என்பது என் எண்ணம்.

பிராங்கோ அப்போது எங்கே இருந்தார்? கேனரி தீவுகளில் அவருடைய பணியிடம் டெனெரிஃப். வாடகை விமானம் நின்றதோ பக்கத்துத் தீவான கிரான் கனாரியாவில். போர் அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் தீவு விட்டுத் தீவு போனால் சந்தேகம் வரும். ஜூலை 16 அன்று கிரான் கனாரியாவின் ராணுவத் தளபதி ஜெனரல் பால்மெஸ் வயிற்றில் குண்டு பாய்ந்து இறந்தார். கைத்துப்பாக்கியைச் சோதித்தபோது தவறுதலாக வெடித்தது என்று அறிவித்தார்கள். கொலை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். எப்படியிருந்தாலும் இறுதிச் சடங்குக்குப் போக பிராங்கோவுக்கு அனுமதி கிடைத்தது. 17-ஆம் தேதி காலை சடங்கில் நின்றார். மறுநாள் அதிகாலை எழுப்பப்பட்டார். மெலில்லா எழுந்துவிட்டது என்றார்கள்.

18-ஆம் தேதி பிற்பகல் டிராகன் ராபிட் கிளம்பியது. மனைவியையும் மகளையும் பிரான்சுக்குப் போகும் ஒரு ஜெர்மானியக் கப்பலில் ஏற்றும்படி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ஏறினார். அகதீரில் இறங்கி, காசாபிளாங்காவில் இரவு தங்கி, 19-ஆம் தேதி காலை டெட்டுவான் வந்து சேர்ந்தார். மொராக்கோவிலிருந்த ஸ்பெயினின் தலைசிறந்த போர்ப்படை இப்போது அவர் கையில்.

அந்த நேரத்தில் மாட்ரிட்டில் பிரதமர் என்ன செய்துகொண்டிருந்தார்?

* * *

பிரதமர் சந்தியாகோ கசாரெஸ் கிரோகா காசநோயாளி. கலகம் மொராக்கோவோடு நின்றுவிடும் என்று நம்பினார். 18-ஆம் தேதி காலை, தாய்நாட்டில் ஒருவர்கூட இந்த அபத்தச் சதியில் சேரவில்லை என்று வானொலி அறிவித்தது. அதே பிற்பகல் செவில் நகரம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

தெருவில் தொழிலாளர்கள் கூடிவிட்டார்கள். சோஷலிஸ்டுகளின் தொழிற்சங்கம், அனார்க்கிஸ்டுகளின் தொழிற்சங்கம், இரண்டும் ஒருவரையொருவர் நம்பாதவை. கோரிக்கை மட்டும் ஒன்று: ஆயுதம் கொடு. கசாரெஸ் மறுத்தார். தன் உத்தரவின்றி ஆயுதம் கொடுக்கிற எவரும் சுடப்படுவார் என்று எச்சரித்தார்.

அவருடைய பயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். குடியரசு அரசு என்பது நடுத்தர வர்க்க வக்கீல்களும் பேராசிரியர்களும் நடத்திய அரசு. இரண்டு ஆண்டு முன்னால், 1934-ல், அஸ்தூரியாஸ் சுரங்கத் தொழிலாளர்கள் டைனமைட்டோடு எழுந்ததையும், அதை அடக்க மொராக்கோவிலிருந்து படையை வரவழைத்ததையும் அவர்கள் பார்த்தவர்கள். சங்கங்களின் கையில் துப்பாக்கி போனால் திரும்பி வராது, அரசு என்று ஒன்று மிஞ்சாது என்று நினைத்தார்கள். அந்தப் பயம் பொய்யும் அல்ல. பின்னர் அப்படித்தான் நடந்தது. ஆனால் ராணுவத்தின் பாதி எதிராகத் திரும்பிவிட்ட நாளில், மீதிப் பாதியும் தன் பக்கம்தான் நிற்கும் என்று காத்திருந்தது மன்னிக்க முடியாத தவறு. அந்த 36 மணி நேரத் தயக்கத்தின் விலையைக் கசாரெஸ் கொடுக்கவில்லை. ஆயுதம் கேட்டு கவர்னர் மாளிகை வாசல்களில் நின்றவர்கள் கொடுத்தார்கள்.

18-ஆம் தேதி இரவு கசாரெஸ் ராஜினாமா செய்தார். குடியரசுத் தலைவர் அசான்யா, மிதவாதியான மார்த்தினெஸ் பாரியோவை அழைத்தார். சமரசம் பேசிப் பார்க்கும் அமைச்சரவை. மார்த்தினெஸ் பாரியோ அந்த இரவு தளபதிகளைத் தொலைபேசியில் ஒவ்வொருவராகப் பிடித்தார். மோலாவிடமும் பேசினார். மோலாவின் பதில், இனி நேரம் கடந்துவிட்டது என்பதுதான். தன் ஆட்களும் சரி, அரசின் ஆட்களும் சரி, பின்வாங்கினால் தலைவர்களை விட்டுவைக்கமாட்டார்கள் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

சமரச அமைச்சரவை என்ற செய்தி பரவியதும் மாட்ரிட் தெருக்களில் துரோகம் என்று கூச்சல் எழுந்தது. 19-ஆம் தேதி காலையில் அந்த அரசும் இல்லை. மூன்றாவதாக வந்தவர் வேதியியல் பேராசிரியர் ஹோசே கிரால். ஒரு நாளுக்குள் மூன்று பிரதமர்கள். கிரால் ஒரே உத்தரவில் விஷயத்தை முடித்தார்: மக்களுக்கு ஆயுதம் கொடுங்கள்.

லாரிகளில் துப்பாக்கிகள் வந்தன. கிரீஸ் தடவிய புதுத் துப்பாக்கிகள், சுமார் 65,000. கூட்டம் ஆர்ப்பரித்தது. பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சுமார் 5,000 துப்பாக்கிகளுக்குத்தான் போல்ட் இருந்தது. போல்ட் இல்லாமல் தோட்டாவைச் செலுத்தவும் முடியாது, வெடிக்கவும் முடியாது. மற்றவை வெறும் கம்பு.

கலவரக் காலத்தில் துப்பாக்கி பறிபோனாலும் பயன்படக் கூடாதென்று போல்ட்டுகளைத் தனியாக வேறோர் இடத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். அந்த இடம் மாட்ரிட்டின் மேற்கு ஓரத்தில், குன்றின் மேல் இருந்த மொந்தான்யா படைமுகாம். போல்ட்டுகளைக் கொடு என்று அரசு ஏற்கனவே உத்தரவிட்டிருந்தது. முகாமின் கர்னல் மறுத்திருந்தார். இப்போது அங்கே கலகத்தின் மாட்ரிட் தளபதி ஜெனரல் ஃபான்ஹூலும் வந்து சேர்ந்துவிட்டார்.

தலைநகரின் விதி அந்தக் கட்டடத்தின் இரும்பு அலமாரிகளுக்குள் இருந்தது.

* * *

மொந்தான்யாவுக்குள் நுழையும் முன் மற்ற ஊர்களை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். இந்த மூன்று நாட்களில்தான் ஸ்பெயினின் நடுவே கோடு விழுந்தது. அந்தக் கோட்டைக் கொள்கை வரைந்தது என்று நினைக்கிறோம். பல ஊர்களில் அதை வரைந்தது கவர்னரின் துணிச்சலும், தளபதியின் பொய்யும், சில மணி நேரத் தாமதமும்.

பர்கோஸில் தளபதியாக இருந்தவர் ஜெனரல் பாதெத். மோலாவின் மேலதிகாரி. சந்தேகப்பட்டு ஜூலை 16 அன்று மோலாவை ஒரு மடாலயத்தில் சந்தித்தார். கலகத்தில் ஈடுபடமாட்டேன் என்று ராணுவ வீரனாக வாக்குக் கொடு என்று கேட்டார். மோலா கொடுத்தார். மூன்று நாளில் பாதெத் கைதி. அடுத்த பிப்ரவரியில் சுடப்பட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராணுவம் கலகம் செய்தது என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறோம். ஸ்பெயினின் எட்டு ராணுவ மண்டலத் தளபதிகளில் கலகத்தில் சேர்ந்தவர் ஒரே ஒருவர், ஸரகோஸாவின் கபனெயாஸ். மற்ற இடங்களில் தளபதிகளைக் கலகக்கார அதிகாரிகள் கவிழ்க்க வேண்டியிருந்தது.

செவிலில் ஜெனரல் கெய்ப்போ தெ யானோ அதைத்தான் செய்தார். மண்டலத் தளபதியின் அறைக்குள் புகுந்து அவரைக் கைது செய்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய வீரர்களோடு ஒரு பெரிய நகரத்தைப் பிடித்தேன் என்று ஆயுள் முழுக்கப் பெருமை பேசினார். பல புத்தகங்கள் அதை அப்படியே எழுதின. உண்மையில் சுமார் 4,000 வீரர்கள் அவர் பக்கம் இருந்தார்கள் என்று பிற்கால ஆய்வு காட்டுகிறது. பீரங்கி கொண்டு அரசு அலுவலகங்களைப் பிடித்தார். த்ரியானா முதலான தொழிலாளர் பேட்டைகள் ஆயுதமில்லாமல் எதிர்த்தன. மொராக்கோ வீரர்கள் வந்து இறங்கியதும் அங்கே வீடு வீடாகக் கொலை நடந்தது. கெய்ப்போ வானொலி நிலையத்தைப் பிடித்தார். அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் மைக் முன் உட்கார்ந்து, எதிரிகளின் குடும்பப் பெண்களுக்கு என்ன நேரும் என்பதுவரை சொல்லி மிரட்டினார். வானொலியை இப்படி ஓர் ஆயுதமாக்கியவர்கள் அதற்கு முன் அதிகம் இல்லை.

ஒவியேதோவின் கதை வேறு. அஸ்தூரியாஸ் சுரங்கத் தொழிலாளர்களின் கோட்டை. அங்கிருந்த கர்னல் அராந்தாவைக் குடியரசுக்காரர் என்றே எல்லாரும் நம்பினார்கள். இங்கே எல்லாம் என் கட்டுப்பாட்டில், ஆபத்து மாட்ரிட்டுக்குத்தான் என்று சுரங்கத் தலைவர்களிடம் சொன்னார். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ரயிலேறித் தலைநகரைக் காக்கக் கிளம்பினார்கள். ரயில் போய் மறைந்தபின், 19-ஆம் தேதி, அராந்தா கலகக்காரர் பக்கம் என்று அறிவித்தார். ஏமாந்தவர்கள் டைனமைட்டோடு திரும்பி வந்தபோது நகரம் அரணாகிவிட்டிருந்தது. மூன்று மாதம் முற்றுகையிட்டும் அவர்களால் அதைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை.

பார்சிலோனாவில் மட்டும் கதை தலைகீழாகப் போயிற்று.

ஹிட்லரின் பெர்லின் ஒலிம்பிக்கை எதிர்த்து, பல நாட்டுத் தொழிலாளர் விளையாட்டு வீரர்கள் கூடும் மக்கள் ஒலிம்பிக் ஜூலை 19 அன்று அங்கே தொடங்குவதாக இருந்தது. ஆயிரக்கணக்கான வீரர்கள் ஹோட்டல்களில் தங்கியிருந்தார்கள். முந்தின நாள் இரவு செல்லோ மேதை பாவ் கசால்ஸ் தொடக்க விழாவுக்காகப் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். விழா நடக்காது, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று ஓர் ஆள் வந்து சொன்னார். மறுபடி எப்போது சந்திப்போமோ தெரியாது என்று, கடைசிப் பகுதியை வாசித்து முடித்துவிட்டே கலைந்தார்கள்.

விடியற்காலை படைமுகாம்களிலிருந்து சிப்பாய்கள் நகர மையம் நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். தொழிற்சாலைச் சங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊதின. அனார்க்கிஸ்டுகள் இதற்குத் தயாராக இருந்தார்கள். கிடைத்த இடத்திலெல்லாம் ஆயுதம் திரட்டி வைத்திருந்தார்கள். அரசின் அதிரடிப் போலீஸ் அவர்களோடு தோளோடு தோள் நின்றது. காலையெல்லாம் சண்டை. பிற்பகலில் எல்லாக் கண்களும் சிவில் கார்டு என்ற பழைய போலீஸ் படையின் மீது. தொழிலாளர்களை அடித்து நொறுக்கியே பேர் வாங்கிய படை அது. அவர்கள் எந்தப் பக்கம்?

கர்னல் எஸ்கோபார் தன் ஆட்களோடு தெருவில் அணிவகுத்து வந்தார். கட்டலோனியத் தலைவர் கும்பானிஸ் மாடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்கோபார் தினமும் பூசைக்குப் போகும் தீவிரக் கத்தோலிக்கர். மாடத்தை நிமிர்ந்து பார்த்து, உத்தரவுக்குக் காத்திருக்கிறேன் என்று சல்யூட் அடித்தார். பார்சிலோனாவில் கலகம் தோற்றது அந்த நிமிடத்தில். சட்டப்படியான அரசுக்குக் கீழ்ப்படிவேன் என்று பதவியேற்பில் சொன்ன உறுதிமொழியைத்தான் அவர் காப்பாற்றினார். அதற்காகவே 1940-ல் பிராங்கோவின் ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றது.

மயோர்காவிலிருந்து கடல்விமானத்தில் வந்து இறங்கிய ஜெனரல் கோதெத், வந்த அன்றே சரணடைந்தார். தோற்றுவிட்டேன், என்னை நம்பிப் போரிட வேண்டியதில்லை என்று அவர் வாயாலேயே வானொலியில் சொல்லவைத்தார்கள். அந்தக் குரல் ஸ்பெயின் முழுக்கக் கேட்டது. அடுத்த மாதம் அவரைச் சுட்டார்கள்.

கோதெத்தின் குரலை மாட்ரிட்டில் ஒலிபெருக்கிகளில் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் மொந்தான்யா குன்றைச் சூழ ஆரம்பித்தது.

* * *

1808-ல் நெப்போலியனின் வீரர்கள் மாட்ரிட் மக்களை நிற்கவைத்துச் சுட்டது இதே குன்றில்தான். கோயா ஓவியமாகத் தீட்டியது அந்தக் காட்சியைத்தான்.

ஜூலை 20, திங்கட்கிழமை காலை. ஓரிரு பீரங்கிகளை இழுத்து வந்தார்கள். ஒரே இடத்திலிருந்து சுட்டால் எண்ணிக்கை தெரிந்துவிடும் என்று அவற்றை மாற்றி மாற்றி நகர்த்திச் சுட்டார்கள். மேலே விமானம் வந்து குண்டு போட்டது. முகாமுக்குள் எல்லாரும் ஒரே மனதாக இல்லை. கட்டாயச் சேவையில் சேர்க்கப்பட்ட சிப்பாய்கள் பலர் அரசு பக்கம். அவர்கள் ஒரு ஜன்னலில் வெள்ளைத் துணியை ஆட்டினார்கள். கூட்டம் ஆர்ப்பரித்து முன்னே ஓடியது. வேறு ஜன்னலிலிருந்து இயந்திரத் துப்பாக்கி வெடித்தது. திறந்த வெளியில் மனிதர்கள் விழுந்தார்கள். இது ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நடந்தது.

திட்டமிட்ட வஞ்சகம் என்றே வெளியே இருந்தவர்கள் நினைத்தார்கள். உள்ளேயே இரு கட்சிகள் மோதிக்கொண்டிருந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நண்பகலுக்கு முன் கதவு உடைந்தது. அதன்பின் நடந்ததை எந்த வீரத்தின் பெயராலும் மூடி மறைக்கக் கூடாது. சரணடைந்த அதிகாரிகளை முற்றத்தில் சுட்டார்கள். மேல்மாடத்திலிருந்து சிலரைத் தூக்கி எறிந்தார்கள். சில அதிகாரிகள் தாங்களே சுட்டுக்கொண்டார்கள். முற்றம் முழுக்கச் சீருடைச் சடலங்கள் கிடக்கும் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. ஃபான்ஹூல் காயத்தோடு பிடிபட்டு, ஆகஸ்டில் விசாரணைக்குப் பின் சுடப்பட்டார்.

போல்ட்டுகள் கிடைத்தன. மாட்ரிட் அரசின் கையில் நின்றது. அந்த முகாம் இருந்த இடத்தில் இன்று எகிப்து பரிசளித்த தெபோத் என்ற பழங்காலக் கோயில் நிற்கிறது. மாலையில் சுற்றுலாப் பயணிகள் சூரிய அஸ்தமனம் பார்க்க வருகிறார்கள்.

அன்றே, போர்ச்சுகலில், கலகத்தின் தலைமைப் பதவிக்குக் குறிக்கப்பட்டிருந்த ஜெனரல் சன்ஹூர்ஹோ ஸ்பெயினுக்குப் பறக்கத் தயாரானார். 1932-ல் ஒருமுறை கலகம் செய்து தோற்று நாடு கடந்து வாழ்ந்தவர். கஸ்காய்ஸ் அருகே ஒரு சிறு மைதானம், ஓரத்தில் மரங்கள். சிறிய விமானம். ஜெனரலின் பெட்டிகள் கனமாக இருந்தன. விமானி ஆன்சால்தோ அதைச் சுட்டிக்காட்டினார். வெற்றி ஊர்வலத்தில் அணிய வேண்டிய சீருடைகள் அவை, விட்டுவிட்டு வர முடியாது. விமானம் எழும்பியது, மர உச்சிகளில் மோதியது, எரிந்தது. விமானி பிழைத்தார். சன்ஹூர்ஹோ எரிந்து போனார்.

கோதெத் கைதி, ஃபான்ஹூல் கைதி, சன்ஹூர்ஹோ மரணம். தலைமைக்குப் போட்டியாக வரக்கூடியவர்களில் மோலா மட்டுமே பாக்கி. பிராங்கோ விரலைக்கூட அசைக்காமல் பாதை காலியானது.

* * *

ஆனால், அந்தப் பாதையின் நடுவே கடல் இருந்தது.

மாட்ரிட்டில் கடற்படையின் வானொலித் தந்தி மையத்தில் பெஞ்சமின் பல்போவா என்ற ஆபரேட்டர் வேலையில் இருந்தார். பிராங்கோவின் கலகச் செய்தி வந்தபோது அதைக் கப்பல்களுக்கு அனுப்ப மறுத்தார். மேலதிகாரியைத் துப்பாக்கி முனையில் கைது செய்தார். பின் ஒவ்வொரு கப்பலிலும் இருந்த தன்னைப் போன்ற ஆபரேட்டர்களை அழைத்து, உங்கள் அதிகாரிகள் கலகக்காரர்கள், கவனியுங்கள் என்று சொன்னார். கப்பல் கப்பலாக மாலுமிகள் எழுந்தார்கள். 'ஹைமே I' போர்க்கப்பலில் அதிகாரிகள் கடைசிவரை எதிர்த்துச் செத்தார்கள். சடலங்களை என்ன செய்வது என்று மாலுமிகள் மாட்ரிட்டைக் கேட்டார்கள். மரியாதையோடு கடலில் இறக்கும்படி பதில் போயிற்று.

பெரிய பதவி எதுவும் இல்லாத ஒரு தந்தி ஆபரேட்டர் செய்த காரியம் இது. இதன் பலனை ஒரு வரைபடத்தில் பார்த்தால்தான் விளங்கும். மொராக்கோவுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகிய இடம் சுமார் 14 கிலோமீட்டர். முதல் நாளில் ஒரு சிறு பிரிவு கப்பலில் கடந்து காதிஸ் வந்து சேர்ந்தது. அதோடு சரி. அதற்குப்பின் நீரிணையைக் குடியரசின் போர்க்கப்பல்கள் அடைத்து நின்றன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு பிராங்கோ ஆப்பிரிக்கக் கரையில் மாட்டிக்கொண்டார்.

ஜூலை 20 இரவு நிலவரம் இதுதான். மாட்ரிட், பார்சிலோனா, வலென்சியா, பில்பாவோ, பெரும்பாலான தொழிற்சாலைகள், கடற்படையின் பெரும்பகுதி, உலகத்தின் மிகப்பெரிய தங்கக் கையிருப்புகளில் ஒன்று, எல்லாம் குடியரசிடம். கலிசியா, பழைய கஸ்தில், நவாரா, ஸரகோஸா, தெற்கே செவில் முதலான சில நகரங்கள், மொராக்கோ ஆகியவை கலகக்காரர்களிடம். அடுத்த நாட்களில் மோலாவின் படைகள் மாட்ரிட்டுக்கு வடக்கே மலைக் கணவாய்களில் தடுக்கப்பட்டு நின்றன. தோட்டா தீர்ந்துகொண்டிருந்தது. சில நாட்களில் முடிய வேண்டிய கலகம் தோற்றுவிட்டது. இரு பக்கமும் தனியாக விடப்பட்டிருந்தால் அது சில வாரங்களில் அடங்கியிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இரு பக்கமும் வெளியே கை நீட்டின. கிரால் பாரிஸுக்குத் தந்தி அடித்தார். அங்கேயும் மக்கள் முன்னணி அரசு, சோஷலிஸ்ட் பிரதமர் லியோன் புளூம். பிராங்கோ ரோமுக்கு ஆள் அனுப்பினார். முசோலினி முதலில் மறுத்துவிட்டார். மீதி இருந்தது பெர்லின். கேனரி தீவுகளில் கலகக்காரர்கள் பறித்து வைத்திருந்த லூஃப்தான்ஸா நிறுவனத்தின் ஜங்கர்ஸ் விமானம் ஒன்று டெட்டுவானுக்கு வந்தது. மொராக்கோவில் வியாபாரம் செய்துகொண்டிருந்த யோஹன்னஸ் பெர்ன்ஹார்ட், நாஜி கட்சியின் உள்ளூர்த் தலைவர் லாங்கன்ஹைம், ஒரு ஸ்பானிய விமானப்படை அதிகாரி, மூவரும் பிராங்கோவின் கடிதத்தோடு ஜூலை 23 அன்று ஏறினார்கள். ஜெர்மன் வெளியுறவுத் துறை அவர்களைச் சந்திக்கவே விரும்பவில்லை. நாஜி கட்சி வழியாக ருடால்ஃப் ஹெஸ்ஸைப் பிடித்தார்கள். ஹெஸ் அவர்களை பைராய்ட் நகருக்கு அனுப்பினார். அங்கே வாக்னர் இசை விழா நடந்துகொண்டிருந்தது.

ஜூலை 25 இரவு, இசை நாடகம் முடிந்து விருந்தினர் மாளிகைக்குத் திரும்பிய ஹிட்லரின் கையில் கடிதம் கொடுக்கப்பட்டது. பிராங்கோ கேட்டிருந்தது 10 போக்குவரத்து விமானங்கள். அந்த இரவு முடிவதற்குள் ஹிட்லர் ஒதுக்கியது 20.

(தொடரும்)